பிளேனார் ஹெட்ஃபோனுக்கு எவ்வளவு ஆம்ப் வேண்டும்?

சென்ற ஞாயிறு இரவு உட்பெட்டியில் ஒரு தம்பி கேட்டிருந்தார். புணேயில் இரண்டாமாண்டு ஆய்வாளர், கும்பகோணம் பக்கத்துக்காரர். மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகையில் பாணேரில் அறை வாடகை, மெஸ் கட்டணம், ஊருக்கு அனுப்புவது எல்லாம் போக மிச்சம் பிடித்து ஹைஃபைமேன் சுந்தரா வாங்கியிருக்கிறார். அவருடைய முதல் பிளேனார் மேக்னெட்டிக் ஹெட்ஃபோன். வாங்கிய மகிழ்ச்சி நான்கு நாள் நீடித்திருக்கிறது. ஐந்தாம் நாள் யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள்: "பிளேனாருக்குக் குறைந்தது இரண்டு வாட் ஆம்ப் வேண்டும், இல்லாவிட்டால் அது உயிரில்லாமல்தான் ஒலிக்கும்." அன்றிலிருந்து அவர் பாட்டைக் கேட்பதை விட்டுவிட்டு, பாட்டில் என்ன குறைகிறது என்று கேட்கத் தொடங்கிவிட்டார். கேள்வி இதுதான்: "அண்ணா, 38,000 ரூபாய்க்கு ஓர் ஆம்ப் இருக்கிறது. தவணையில் வாங்கிவிடலாமா?"

ஒரு மாத உதவித்தொகையைக் காட்டிலும் அதிகம். தவணை மாதந்தோறும் தவறாமல் வரும்; உதவித்தொகை அப்படி வரும் என்று ஆய்வு மாணவர் எவரும் உறுதி சொல்ல மாட்டார். "வாங்காதே" என்று ஒற்றைச் சொல்லில் பதில் எழுதிவிட்டு உறங்கப் போயிருக்கலாம். ஆனால் இதே கேள்வியை இந்த ஆண்டில் என்னிடம் கேட்டவர்களில் அவர் நான்காமவர். எனவே காரணத்தோடு எழுதிவைக்கிறேன்.

முதலில் ஒரு சொற்சிக்கல். தமிழில் ஒலிபெருக்கி என்றால் கோயில் திருவிழாவில் கட்டும் குழாயும் அதுதான், அதை இயக்கும் பெட்டியும் அதுதான். இந்தக் குழப்பம் வேண்டாம் என்பதால் ஆம்ப்ளிஃபையர் என்றே எழுதுகிறேன், அவசரத்தில் ஆம்ப்.

வழக்கமான ஹெட்ஃபோனில் ஒரு கூம்பும் அதன் பின்னே ஒட்டிய கம்பிச் சுருளும் உண்டு. சுருளில் மின்னோட்டம் பாயும்போது காந்தப் புலம் அதைத் தள்ளும். சுருள் கூம்பைத் தள்ளும். பிளேனாரில் சுருளும் இல்லை, கூம்பும் இல்லை. மிக மெல்லிய தட்டையான ஒரு படலம். அதன் மேற்பரப்பெங்கும் உலோகத் தடங்கள் கோலம்போல் ஓடும். காந்தப் பட்டைகள் அதன் முன்னும் பின்னும் அல்லது ஒரு பக்கம் மட்டும் நிற்கும். தள்ளும் விசை நடுவில் மட்டும் விழாமல் படலம் முழுவதும் பரவி விழுவதால், தாழ்ந்த சுரங்களில் சிதைவு குறைவு. மிருதங்கத்தின் தொப்பி ஒலி அமுங்காமல், வீங்காமல், எழுந்த இடத்தில் எழுந்து அடங்குவதைப் பிளேனாரில் முதன்முறை கேட்டவர் அதை எளிதில் மறக்க மாட்டார். நான் மறக்கவில்லை.

இது புதிய கண்டுபிடிப்பும் அன்று. 1970களின் தொடக்கத்திலேயே இங்கிலாந்தின் வார்ஃபிடேல் இந்த வகை ஹெட்ஃபோனை விற்றது. 1976இல் யமஹா எச்.பி.-1 வந்தது, அதன் வடிவத்தை வரைந்தவர் இத்தாலியின் மாரியோ பெல்லினி. பின்பு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இந்தத் தொழில்நுட்பம் ஃபாஸ்டெக்ஸ் போன்ற ஓரிரு நிறுவனங்களின் கையில் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தது. அதை மறுபடியும் நடுக்கூடத்துக்கு அழைத்து வந்தவர்களில் கலிஃபோர்னியாவின் ஆடிஸி முக்கியமானது. அதன் இணை நிறுவனரும் தலைமை நிர்வாகியுமாக இருந்தவர் சங்கர் தியாகசமுத்திரம். காவிரிக்கரையில் பிறந்த எவருக்கும் அந்தப் பெயரைக் கேட்டதும் ஒரு சிறு புன்னகை வரும். 2023இல் சோனியின் விளையாட்டுப் பிரிவு ஆடிஸியை வாங்கிக்கொண்டது. சீனாவின் ஹைஃபைமேன் மறுபக்கமிருந்து விலையைக் கீழே இழுத்து வந்தது. அதனால்தான் ஆய்வு மாணவர் ஒருவர் பிளேனார் வாங்குவது பற்றி இன்று நாம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

"இரண்டு வாட்" என்ற அச்சம் எங்கிருந்து வந்தது? அதற்கு ஒரு வரலாறு உண்டு. அது முழுப் பொய்யும் அன்று. 2010ஐ ஒட்டி ஹைஃபைமேன் எச்.இ.-6 என்றொரு ஹெட்ஃபோனை வெளியிட்டது. அதன் உணர்திறன் ஒரு மில்லிவாட்டுக்கு 83.5 டெசிபல். ஹெட்ஃபோன் உலகில் அது ஒரு பாறை. அன்று கிடைத்த பல சிறிய ஆம்ப்கள் அதன்முன் மூச்சுத்திணறின. ஆர்வலர்கள் கூடத்து ஸ்பீக்கர்களை ஓட்டும் பெரிய ஆம்ப்ளிஃபையரின் முனைகளிலிருந்தே கம்பி இழுத்து அதைக் கேட்டார்கள்; கேட்டு வியந்தார்கள். அந்த வியப்பு நியாயமானது. ஆனால் ஒரு மாடலின் குணம் நாளடைவில் ஓர் இனத்தின் குணமாகிவிட்டது. "எச்.இ.-6க்குத் திறன் வேண்டும்" என்பது "பிளேனாருக்குத் திறன் வேண்டும்" என்று சுருங்கியது. சுருங்கிய வடிவம்தான் கடைகளுக்கும் வசதி.

இனி கணக்கு. எட்டாம் வகுப்பு ஓம் விதியும் கொஞ்சம் மடக்கையும் போதும். கணக்கு பிடிக்காதவர்கள் அடுத்த பத்தியின் முடிவை மட்டும் பார்த்துக்கொள்ளலாம்.

சுந்தராவுக்கு நிறுவனம் தரும் எண்கள்: மின்மறுப்பு 37 ஓம், உணர்திறன் 94 டெசிபல். அதை ஒரு மில்லிவாட்டுக்கான அளவு என்று கொள்வோம். ஒருவர் பாட்டை எவ்வளவு சத்தமாகக் கேட்பார்? சராசரி 75 டெசிபல் என்பதே தாராளம். மிருதங்கத்தின் ஓர் அறைச்சல், தவிலின் ஓர் அடி அந்தச் சராசரிக்கு மேலே 20 டெசிபல் எழும் என்று வைத்தால் 95. இன்னும் 15 டெசிபல் சேர்த்து 110 வரை இடம் விடுவோம். 94இலிருந்து 110க்கு 16 டெசிபல். அதாவது நாற்பது மடங்கு திறன். ஒரு மில்லிவாட்டின் நாற்பது மடங்கு 40 மில்லிவாட். அதற்குத் தேவையான மின்னழுத்தம் 1.2 வோல்ட், மின்னோட்டம் சுமார் 33 மில்லி ஆம்பியர். அவ்வளவுதான். தம்பி தவணையில் வாங்க நினைத்த ஆம்ப் 2,000 மில்லிவாட் தரும். அதை முழுவதும் சுந்தராவுக்குள் செலுத்தினால் 127 டெசிபல் வரும். அந்த அளவில் காது வலிக்கும், அதன்பின் எந்த ஆம்பும் வேண்டியிருக்காது.

ஆடிஸி எல்.சி.டி.-எக்ஸ் இன்னும் எளியது. 20 ஓம், 103 டெசிபல். அதே 110க்கு ஐந்து மில்லிவாட் போதும். எடையில் அரைக் கிலோவைத் தாண்டும் அந்தக் கருவியைப் பார்த்தால் அணைக்கட்டு மின்சாரம் கேட்கும்போல் தோன்றும், கேட்பது இவ்வளவே. மறுமுனையில் எச்.இ.-6 கேட்பது சுமார் 450 மில்லிவாட், 4.7 வோல்ட், 95 மில்லி ஆம்பியர். ஹைஃபைமேனின் சுஸ்வரா, 60 ஓமும் 83 டெசிபலுமாக, அரை வாட்டும் ஐந்தரை வோல்ட்டும் கேட்கும். இந்த இரண்டுக்கும் இரண்டு வாட் ஆம்ப் வீண் என்று நான் சொல்லவில்லை. சுஸ்வரா வாங்குகிறவர் உட்பெட்டியில் என்னைக் கேட்கப்போவதும் இல்லை.

ஆக, எல்லாமே பிளேனார். தேவையோ ஐந்து மில்லிவாட்டிலிருந்து ஐந்நூறு மில்லிவாட் வரை, நூறு மடங்கு வேறுபாடு. "பிளேனாருக்கு எந்த ஆம்ப்?" என்ற கேள்விக்கே பொருள் இல்லை. எந்த ஹெட்ஃபோன், எத்தனை ஓம், எத்தனை டெசிபல், எவ்வளவு சத்தம் என்று கேட்டால்தான் விடை உண்டு.

இங்கே என் தொழில்சார்ந்த ஒரு வியப்பையும் சொல்லிவிடுகிறேன். நான் ரேடியோ வானியல் கருவிகளோடு பழகும் துறையைச் சேர்ந்தவன். புணேக்கு வடக்கே நாராயண்காவ் பக்கம் கோடத் என்ற ஊரில் ஜி.எம்.ஆர்.டி. இருக்கிறது: ஒவ்வொன்றும் 45 மீட்டர் விட்டமுள்ள முப்பது அலைவாங்கிகள். வானத்திலிருந்து அங்கு வந்து விழும் சமிக்ஞை நினைத்துப் பார்க்க முடியாத அளவு நலிந்தது. அதை முதலில் ஏந்தும் ஆம்ப்ளிஃபையர் தன் சொந்த இரைச்சலைச் சிறிதளவு சேர்த்தாலும் விண்மீன்கூட்டமே மறைந்துபோகும். அங்கே ஆம்ப்ளிஃபையர் என்பது உண்மையிலேயே பெருக்கி; அதன் தரமே எல்லாம்.

மேசைமேல் இருக்கும் ஹெட்ஃபோன் ஆம்ப் அப்படியா? எண்ணிமக் கோப்பை ஒலிச் சமிக்ஞையாக மாற்றும் டி.ஏ.சி. பெட்டிகள் வழக்கமாக 2 வோல்ட் தருகின்றன. சுந்தரா 110 டெசிபலில் அலறுவதற்கே 1.2 வோல்ட் போதும் என்று மேலே பார்த்தோம். அதாவது ஆம்புக்குள் நுழையும் மின்னழுத்தம், வெளியே வேண்டியதைவிட ஏற்கெனவே அதிகம். பெருக்குவதற்கு அங்கே எதுவுமே இல்லை. அந்தப் பெட்டி செய்யும் வேலை இரண்டு: வால்யூம் குமிழால் சமிக்ஞையைக் குறைப்பது, குறைத்ததை முப்பது மில்லி ஆம்பியர் மின்னோட்டத்தோடு முன்னே தள்ளுவது. நாம் 38,000 ரூபாய் கொடுத்து வாங்க நினைக்கும் பெருக்கி, பெரும்பாலான நேரம் ஒரு குறைப்பி. இதை நண்பர்களிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். பின்பு கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுச் சிரிப்பதை நிறுத்துகிறார்கள்.

"அப்படியானால் பெரிய ஆம்பில் போட்டதும் உயிர் வந்ததே, நானே கேட்டேனே" என்பார்கள். நானும் கேட்டிருக்கிறேன். இதைச் சொல்லக் கொஞ்சம் வெட்கம்தான். ஆனால் சொல்லாவிட்டால் இந்தப் பதிவுக்கு நேர்மை இல்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு கடைக்காரர் சொல்லை நம்பி, நிலுவையில் நின்று ஒரே தொகையாக வந்த உதவித்தொகையில் பெரும்பகுதியைக் கொட்டி, கறுப்பு அலுமினியப் பெட்டி ஒன்றை வாங்கினேன். கனமான பெட்டி. அன்றிரவு அதில் கேட்ட புல்லாங்குழல் இன்னும் நினைவிருக்கிறது. காற்று வேறாக இருந்தது, அரங்கு விரிந்தது, எல்லாம் விரிந்தன. ஒரு மாதம் அந்த விரிவிலேயே வாழ்ந்தேன்.

பிறகு ஒரு விடுமுறை நாளில் ஐயம் தோன்றியது. புத்வார் பேட்டையில் தாப்கீர் கல்லிக்குப் போனேன். சென்னைக்காரர்களுக்கு ரிச்சி தெரு என்றால் புரியும். ஒரு மாற்று விசை, மூன்று சாக்கெட், ஒரு தகரப் பெட்டி வாங்கிவந்து பற்றவைத்தேன். ஒரு பக்கம் என் கறுப்புப் பெட்டி. மறுபக்கம் ஆப்பிள் விற்கும் விரல்நீள யு.எஸ்.பி.-சி மாற்றி. 100 ஹெர்ட்ஸ் ஒற்றைச் சுரத்தை ஓட்டி, மல்டிமீட்டரால் அளந்து, இரண்டின் மின்னழுத்தத்தையும் ஒரு விழுக்காட்டுக்குள் சமமாக்கினேன். இது மிக முக்கியம். இரண்டில் ஒன்று அரை டெசிபல் கூடுதலாக இருந்தாலே, "சத்தம் கூடுதல்" என்று நம் காது சொல்லாது; "தெளிவு கூடுதல்", "உயிர் கூடுதல்" என்றுதான் சொல்லும். பெரிய ஆம்பில் குமிழைச் சிறிது திருப்பியதும் சத்தம் எகிறும். அந்த எகிறலுக்கு நாம் சூட்டிய பெயர்தான் உயிர்.

அறைத்தோழர், லாத்தூர்க்காரர், துண்டால் மூடிய விசையைத் தன் விருப்பப்படி மாற்றிக்கொண்டிருந்தார். எது ஒலிக்கிறது என்று நான் எழுதிக்கொண்டே வந்தேன். இருபது முறையில் பதினொன்று சரி. காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் ஏறக்குறைய அதே மதிப்பெண்தான். பதினொன்று என்று அவர் எண்ணி முடித்ததும் நான் அந்தக் கறுப்புப் பெட்டியைப் பார்த்த பார்வையை அவர் இன்றும் எல்லோரிடமும் நடித்துக் காட்டுகிறார்.

ஒருவனுடைய இருபது முயற்சிகள் அறிவியல் ஆகாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இது நான் மட்டும் கண்டதும் அன்று. 1987 சனவரியில் அமெரிக்காவின் ஸ்டீரியோ ரிவ்யூ இதழ், மலிவான ஆம்ப் முதல் பல ஆயிரம் டாலர் ஆம்ப் வரை வரிசையாக வைத்து, ஒலியளவைச் சமன்செய்து, பெயரை மறைத்து, கேட்பவர்களைச் சோதித்தது. அவர்களில் ஆம்ப்களில் வேறுபாடு உண்டென்று உறுதியாக நம்பியவர்களும் இருந்தார்கள். பெயர் மறைந்ததும் அவர்களாலும் நம்பத்தகுந்த விதத்தில் பிரித்தறிய இயலவில்லை.

பிளேனார்களுக்கு மட்டும் உரிய ஒரு நற்குணத்தையும் விற்பவர்கள் சொல்வதில்லை. சென்ஹைசர் எச்.டி. 600 போன்ற சுருள் ஹெட்ஃபோன்களின் மின்மறுப்பு எல்லாச் சுரத்திலும் ஒன்றாக இருக்காது. 300 ஓம் என்று எழுதியிருந்தாலும் தாழ்ந்த சுரங்களில் ஓரிடத்தில் அது குன்றுபோல் எழும். ஆம்பின் வெளியீட்டு மின்மறுப்பு அதிகமாக இருந்தால் அந்தக் குன்று இருக்கும் இடத்தில் ஒலி மிகும், தொனியே மாறும். எனவே அவற்றுக்கு ஆம்ப் பொருத்தம் பார்ப்பதில் அர்த்தம் உண்டு. பிளேனாரின் உலோகத் தடமோ கிட்டத்தட்ட வெறும் மின்தடை. மேலிருந்து கீழ்வரை சமதளம். 20 ஓம் பிளேனாரை 10 ஓம் வெளியீட்டு மின்மறுப்புள்ள ஆம்பில் மாட்டினால் ஒலி மூன்றரை டெசிபல் குறையும். எல்லாச் சுரமும் சேர்ந்தே குறையும். குமிழைத் திருப்பினால் சரியாகிவிடும். ஆம்ப் பொருத்தத்தில் அதிகம் அடம்பிடிக்காத இனம் இது. அதற்குத்தான் அதிக அடம் என்று பெயர் வந்திருக்கிறது.

ஒரு விலக்கு உண்டு: மின்மாற்றி இல்லாத வால்வு ஆம்ப்கள். அவற்றின் வெளியீட்டு மின்மறுப்பு நூறு ஓம் அளவில் இருப்பது வழக்கம். மின்னோட்டம் தரும் வலிமை குறைவு. 300 ஓம் ஹெட்ஃபோனோடு அவை நன்றாகக் குடித்தனம் நடத்தும். 37 ஓம் பிளேனாரோடு நடத்தாது. வால்வின் ஒளியில் மயங்கி அதை வாங்கி பிளேனாருக்கு மாட்டாதீர்கள்.

திறன் கூடுதலாக வேண்டிய இடங்களும் உண்டு. அவற்றையும் சொல்ல வேண்டும். முதலாவது ஈக்வலைசர். தாழ்ந்த சுரங்களை 6 டெசிபல் உயர்த்தினால் அந்த இடத்தில் நான்கு மடங்கு திறன் செலவாகும். மென்பொருளில் உயர்த்தும்போது கோப்பு உடையாமல் இருக்க மொத்த ஒலியையும் 6 டெசிபல் இறக்கவும் வேண்டும். அதை ஆம்ப்தான் ஈடுகட்ட வேண்டும். பிளேனாரை ஈக்வலைசர் இல்லாமல் கேட்பது பாதி வாங்கியதற்குச் சமம் என்பது என் கருத்து. சிதைவு குறைவான படலம் உயர்த்தலைத் தாங்கும் என்பதே அதன் பெருமை.

இரண்டாவது, நம் சொந்தச் சிக்கல். பழைய கச்சேரி ஒலிப்பதிவுகள். இன்றைய திரைப்பாடல் கோப்பின் விளிம்புவரை நிரப்பி வரும். ஆனால் யாரோ ஒரு ரசிகர் ஸ்பூல் நாடாவிலிருந்தும் கேசட்டிலிருந்தும் அன்போடு எண்ணிமமாக்கிப் பகிர்ந்த கச்சேரி, எங்கே உடைந்துவிடுமோ என்ற அச்சத்தில் மிகத் தாழ்வாக ஏற்றப்பட்டிருக்கும். அதற்குப் பத்துப் பன்னிரண்டு டெசிபல் கூடுதல் வேண்டியிருக்கும். ராஜரத்தினம் பிள்ளையின் இசைத்தட்டுப் பதிவைக் கேட்க நினைப்பவர் வெறும் ஒரு வோல்ட் மாற்றியோடு நின்றால், சில கோப்புகளில் குமிழ் முடிந்த பின்னும் மனம் நிறையாது. சரி, 110க்குப் பதிலாக 120 டெசிபலுக்கே கணக்குப் போடுவோம். சுந்தராவுக்கு 400 மில்லிவாட், கிட்டத்தட்ட 3.8 வோல்ட். எந்தக் கோப்புக்கும் எந்த ஈக்வலைசருக்கும் இதற்குமேல் தேவைப்படுவதை நான் கண்டதில்லை.

இந்த 400 மில்லிவாட்டுக்கு என்ன செலவு? 2011இல் என்.டபிள்யூ.ஏ.வி.கை என்ற புனைபெயரில் எழுதிய ஒருவர் ஓ2 என்ற ஆம்பை வடிவமைத்து, அதன் சுற்று வரைபடத்தை எல்லோருக்கும் இலவசமாகத் தந்தார். 33 ஓம் சுமைக்கு அது ஏறத்தாழ 600 மில்லிவாட் தரும். விலையுயர்ந்த பெட்டிகளின் அளவீடுகளை அது எட்டிப்பிடித்தது. 2012க்குப் பிறகு அவர் எழுதுவதையே நிறுத்திவிட்டார். யார் என்று இன்றுவரை வெளிப்படவில்லை. பெயர் வேண்டாமல் அறிவை விட்டுச் சென்ற மனிதர். அவருக்குப் பின் அதே சிந்தனையில் பல சிறிய ஆம்ப்கள் வந்துவிட்டன. தம்பி பார்த்த விலையில் நான்கில் ஒரு பங்குக்கும் கிடைக்கின்றன. அதற்கும் முன்னே இருப்பது அந்த யு.எஸ்.பி.-சி மாற்றி: ஒரு வோல்ட் தருகிறது, சுந்தராவில் 108 டெசிபல். ஐரோப்பாவில் விற்கும் மாற்றி அதில் பாதி மின்னழுத்தம்தான் தரும் என்பதால் உறவினர் மூலம் அங்கிருந்து வரவழைக்காதீர்கள். சில ஆண்டிராய்டு கைபேசிகளில் அது முழு அளவுக்கு ஏறுவதில்லை, மடிக்கணினியில் ஏறும்.

4.4 மில்லிமீட்டர் பேலன்ஸ்டு இணைப்பு பற்றியும் கேட்கிறார்கள். அது மின்னழுத்தத்தை இரட்டிப்பாக்கும். 6 டெசிபல் கூடும். அந்த 6 டெசிபல் உங்களுக்குத் தேவைப்பட்டால் நல்லது. தேவையில்லை என்றால் அது தடித்த ஒரு பிளக், அவ்வளவே.

பாணேரைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கணக்கு நிறைவுபெறாது. பெரும்பாலான பிளேனார்கள் திறந்த முதுகு உடையவை. உள்ளே ஒலிப்பது வெளியே கேட்கும். வெளியே ஒலிப்பது உள்ளே வரும். தம்பியின் அறை பாணேர் சாலையைப் பார்த்த மூன்றாம் மாடி. கீழே ஹிஞ்ஜவாடி மெட்ரோ தடத்துக்காகச் சாலையைப் படுத்திய பாடும், அதன் நெரிசலில் ஐ.டி. நிறுவனப் பேருந்துகள் எழுப்பும் ஹாரனும். சற்றுத் தள்ளி மும்பை – பெங்களூரு நெடுஞ்சாலையின் ஓயாத உறுமல். கணபதி விழா நெருங்கினால் மாலைதோறும் டோல்-தாஷா குழுக்களின் பயிற்சி; அந்த டோலின் அதிர்வுக்குமுன் எந்த ஹெட்ஃபோனின் தாழ்சுரமும் நிற்காது. இத்தகைய அறையில் சன்னலைச் சாத்தினாலும் நாற்பது, ஐம்பது டெசிபல் இரைச்சல் நிலையாகக் குடியிருக்கும். அதில் அமர்ந்துகொண்டு, 120 டெசிபல் சமிக்ஞை–இரைச்சல் விகிதம் தரும் ஆம்பா, 115 தருவதா என்று ஆராய்வது, புழுதிப்புயலில் நின்று கண்ணாடியின் வெளிறலை ஆராய்வதுபோல. கேசட்டிலிருந்து வந்த கச்சேரியிலோ விகிதமே ஐம்பதைச் சுற்றித்தான்.

இரைச்சலை வெல்ல அவர் செய்வது என்ன? ஒலியைக் கூட்டுகிறார். எல்லோரும் செய்வதுதான். உலகச் சுகாதார நிறுவனத்தின் பாதுகாப்பான கேட்பு வழிகாட்டல், வயதுவந்தோர்க்கு வாரம் 40 மணி நேரத்துக்கு 80 டெசிபல் என்ற எல்லையை வைக்கிறது. ஒலி கூடக்கூட அனுமதிக்கும் நேரம் வேகமாகக் குறையும். ஆய்வேடு எழுதும் காலத்தில் நாளுக்கு எட்டு மணி நேரம் ஹெட்ஃபோனில் கிடப்பவர்கள் நாம். சிதைவில்லாத இரண்டு வாட்டின் ஆபத்தே அதன் சிதைவின்மைதான். சிறிய ஆம்ப் திணறிக் கரகரத்து "போதும்" என்று எச்சரிக்கும், பெரியது எச்சரிக்காது. தம்பிக்கு நான் முதலில் சொன்ன செலவு ஆம்ப் அன்று: சன்னல் இடுக்குகளுக்கு ரப்பர் பட்டையும் ஒரு கனத்த திரையும்.

ஆம்ப்கள் எல்லாம் ஒன்றே என்றும் நான் சொல்ல வரவில்லை. எரிச்சல் தரும் ஆம்ப்கள் உண்டு. எரிச்சலின் காரணங்கள் விளம்பரத்தில் இருக்காது. குமிழைச் சிறிதளவே திருப்பிய நிலையில் இடக்காதும் வலக்காதும் சமமாக ஒலிக்கிறதா என்று பாருங்கள். மலிவான குமிழ்களில் பாடகர் ஒரு பக்கம் சாய்ந்துவிடுவார். ஆம்பில் கெயின் விசை இருந்தால் குறைந்த நிலையிலேயே வையுங்கள். இல்லையேல் எட்டு மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடையே உள்ள விரற்கடை அளவில்தான் உங்கள் முழு இசை வாழ்வும் நடக்கும். வாடகை அறைகளில் பல நேரம் மூன்று ஓட்டை சாக்கெட் இருக்கும், நிலக்கம்பி இருக்காது. மடிக்கணினியைச் சார்ஜரோடு ஆம்பில் இணைத்ததும் வரும் ஹம்மென்ற ஒலிக்கு ஆம்பை மாற்றிப் பயனில்லை. சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நின்றால் குற்றவாளி யாரென்று தெரிந்துவிடும். போட்டதும் அணைத்ததும் டப்பென்று அடிக்கும் ஆம்பை வாங்கவே வேண்டாம். மெல்லிய படலம் பாவம்.

பணம் இருப்பவர் அழகான பெட்டி வாங்குவதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. கையில் கனக்கும் குமிழும் நன்றாக இழைத்த அலுமினியமும் ஒரு மகிழ்ச்சி. அதை மகிழ்ச்சி என்று சொல்லி விற்கட்டும், வாங்கட்டும். என் கோபம் வேறு இடத்தில். ஒரு மாணவர் ஓராண்டு சேமிப்பில் வாங்கிய பொருளை "இது இன்னும் முழுமையில்லை" என்று சொல்லி, அவருடைய காதிலேயே அவருக்கு ஐயத்தை ஊட்டி, அந்த ஐயத்தின்மேல் அடுத்த பொருளை விற்கிறார்களே, அங்கே. ஆம்புக்குப் பின் டி.ஏ.சி., அதற்குப் பின் கேபிள், அதற்குப் பின் மின்சாரத்தைத் தூய்மைப்படுத்தும் பெட்டி என்று அந்த வரிசை முடிவதில்லை. நானும் அதில் மூன்றாம் படிவரை ஏறிவிட்டு இறங்கியவன்.

தம்பியிடம் பேசினேன். அவர் மேசை இழுப்பறையிலேயே ஒரு பழைய யு.எஸ்.பி.-சி மாற்றி கிடந்திருக்கிறது. இப்போதைக்கு அதுவே போதும். தாழ்ந்த கோப்புகளில் குறை தெரிந்தால் அடுத்த ஆண்டு ஒரு சிறிய ஆம்ப் வாங்கலாம் என்று முடிவு. நேற்று நள்ளிரவில், சாலை அடங்கிய பின், ஒரு பழைய நாகசுரப் பதிவைக் கேட்டுவிட்டு எழுதியிருந்தார்: வாசிப்பவர் மூச்சு எடுக்கும் ஒலி கேட்கிறதாம், பின்னால் யாரோ இருமுவதும் கேட்கிறதாம், இதெல்லாம் முன்பும் இருந்ததா அண்ணா என்று.

மாற்று விசைப் பெட்டி இன்னும் என் அறையில்தான் இருக்கிறது, மல்டிமீட்டரும். என் கணக்கில் ஐயம் உள்ளவர்கள், பாணேர் – பாஷாண் பக்கம் இருப்பவர்கள், ஒரு ஞாயிறு காலை உங்கள் ஆம்பைத் தூக்கிக்கொண்டு வாருங்கள். இருபதில் பதினைந்துக்குமேல் சரியாகச் சொல்லுகிறவருக்கு அன்று மதியம் மிசல்-பாவ் என் செலவு. விசையை மாற்ற லாத்தூர்க்காரர் தயாராக இருக்கிறார்.